பதினாறு மடங்கு

தாஷ்-புலாக்,
9 அக்டோபர் 1998

அன்புத் தங்கை குல்சைராவுக்கு,

பிஷ்கெக்கில் ஆட்கள் எல்லாரும் சுகமா? சின்னவனுக்கு இருமல் நின்றதா? இங்கே ஆடு, மாடு, குதிரை, உன் அண்ணி அனார், நான், இந்த வரிசையில் எல்லாரும் நலம். பனி மேல்மேட்டில் இறங்கிவிட்டது.

லாரிக்கார மாமித்திடம் ஒரு ஆட்டுத் தொடையும் ஒரு டப்பா வெண்ணெயும் கொடுத்தனுப்பியிருக்கிறேன். தொடை பாதியாக வந்து சேர்ந்தால் என்னைத் திட்டாதே, அவன் வயிற்றைத் திட்டு.

ஒரு காரியம். அப்பாவின் துப்பாக்கியில் இருக்கிற, நாலு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் ஸ்கோப் எனக்கு இப்போது போதவில்லை. நீதான் பாதி ஆயுளை லென்ஸ் பட்டறையிலும் மீதியைச் சந்தைக் கடையிலும் கழித்தவள் ஆயிற்றே. பெரியதாக ஒன்று அனுப்பு. பன்னிரண்டோ, பதினாறோ, இருபதோ, உன்னிடம் எது பெரிதோ அது. இந்த வருடம் ஓநாய்த் தொல்லை அதிகம்.

வேறு சேதி இல்லை. வீட்டில் நாங்கள் இருவர்தான், சத்தம் குறைவு.

உன் நலம் கேட்டுக் காத்திருக்கும் அண்ணன்,
தொக்தோசுன்


பிஷ்கெக்,
25 அக்டோபர் 1998

மதிப்பிற்குரிய அண்ணனுக்கு,

இங்கே அனைவரும் சுகம். தொடை முழுதாக வந்தது, வெண்ணெயில்தான் மாமித்தின் விரல் அடையாளம் இருந்தது. அண்ணியின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

அண்ணா, என் கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் உங்களைப் போலத்தான். "அக்கா, பெருசா இருக்கிறதக் குடுங்க" என்பார்கள். வாங்கிப் போய் ஒரு மாதத்தில் திரும்ப வந்து, "அக்கா, ஒண்ணுமே தெரியல" என்பார்கள். மடங்கு ஏறினால் மிருகம் மட்டும் பெரிதாவதில்லை. உங்கள் கை நடுக்கமும் பெரிதாகும், மூச்சும் பெரிதாகும், கல்லிலிருந்து எழும் காற்றின் அலையும் பெரிதாகும். பதினாறில் பார்த்தால் உங்கள் இதயம் துடிப்பதே குறுக்குக் கம்பியில் தெரியும். பார்க்கிற வட்டமும் சுருங்கிப் போகும். ஓநாயின் மூக்கு தெரியும், அதன் பக்கத்தில் நிற்பது தெரியாது.

இருட்டுக்கும் ஆகாது. முன் கண்ணாடியின் அகலத்தை மடங்கால் வகுத்துப் பாருங்கள், அவ்வளவு கனத்தில்தான் வெளிச்சம் கண்ணுக்கு வந்து சேரும். உங்கள் நாலில் அது தாராளம். பதினாறில் ஈர்க்குச்சிக் கனம். ஓநாய் வருவது சாயங்காலம். முந்நூறு மீட்டருக்குள் சுடுகிற மனிதருக்கு நாலே அதிகம். மலையாட்டு வேட்டைக்குப் போகிறவர்களுக்குக்கூட நான் நாலிலிருந்து பன்னிரண்டு வரை திருகுகிற மாதிரிதான் கொடுக்கிறேன். நாலில் வைத்துக்கொண்டு நடக்க வேண்டும், தேவைப்பட்டால் மட்டும் ஏற்ற வேண்டும். உங்கள் குளிருக்கு அந்தத் திருகின் கிரீஸே உறைந்துவிடும்.

எவ்வளவு தூரம், எந்த நேரம் என்று எழுதுங்கள். சரியானதைச் சொல்கிறேன்.

நம் பள்ளத்தாக்கில் யார் குதிரை வருகிறது என்று பார்க்கக்கூடத் துப்பாக்கியைத்தான் தூக்குவோம். சிறுமியாக இருந்தபோதே எனக்கு அந்தப் பழக்கம் பயம். கண் போகிற இடத்துக்கெல்லாம் குழலும் போகிறது.

உங்கள் மகள் மீர்குல் மாசமாக இருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். நிஜமா? நீங்கள் எழுதவே இல்லை.

அண்ணிக்கு என் முத்தங்களுடன்,
குல்சைரா


தாஷ்-புலாக்,
14 நவம்பர் 1998

அன்புத் தங்கைக்கு,

சுகம். நீங்களும் சுகமாக இருங்கள். அண்ணிக்கு முழங்கால் வலி குளிரோடு வந்துவிட்டது, குளிரோடு போகும்.

பாடம் நன்றாக நடத்தினாய். நீ கேட்டதற்குப் பதில்: தூரம் ஒரு கிலோமீட்டர். நேரம் மத்தியானம். இது சாயங்காலம் வருவதில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கத்து மேட்டில் வெயில் விழுகிற நேரத்தில் வந்து நிற்கிறது. ஒரு மணி நேரம் அசையாது. என் வீட்டைப் பார்த்தபடி நிற்கிறது. நாலில் அது ஒரு கறுப்புக் கோடு. எனக்கு அதன் மூஞ்சி தெரிய வேண்டும்.

ஆகவே பெரியதை அனுப்பு. கல்லின் மேல் வைத்துப் பார்ப்பேன், கை நடுங்காது.

அண்ணன்,
தொக்தோசுன்


பிஷ்கெக்,
29 நவம்பர் 1998

அண்ணா,

எல்லாரும் நலம் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன். ஆனால் உங்கள் கடிதத்தைக் கடையில் நின்றபடியே மூன்று தடவை படித்தேன்.

ஒரு மணி நேரம் அசையாமல் நிற்கிற ஓநாயை நீங்களும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கத்து மேட்டில் இருப்பது எசெனின் வீடு. உங்கள் மகள் வாழப் போன வீடு.

கடிதம் கொண்டுவந்த மாமித் கல்லாவில் சாய்ந்துகொண்டு சிரித்தபடி சொல்கிறான். "உங்க அண்ணனுக்கு என்னக்கா ஆச்சு? மத்தியானம் ஆனா கல்சுவருக்குப் பின்னால குப்புறப் படுத்துக்கிறாரு. நான் ஹாரன் அடிச்சாக்கூடத் திரும்பல."

"கையில என்ன வெச்சிருந்தாரு?"

"வேற என்ன? துப்பாக்கிதான். நம்ம ஊர்ல வேற எதால பாக்குறது?"

அவன் போனபின் நான் கடையைச் சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்துகொண்டேன்.

நாம் பேசாமல் இருக்கிறதைப் பேசிவிடுகிறேன். பிப்ரவரியில் குபானும் எசெனும் மலையாட்டுக்குப் போனார்கள். எசென் சுட்டான், மேலே இருந்த பனி சரிந்தது, உங்கள் மகன் அதற்குள் போனான், எசென் மட்டும் வீடு வந்தான். நான்கு மாதத்தில் மீர்குல் தன் இஷ்டப்படி அவனிடம் போய்விட்டாள். சமாதானம் பேச வந்த பெரியவர்களைக் குதிரையிலிருந்து இறங்கக்கூட நீங்கள் விடவில்லை. "அவன் இந்த ஆத்தத் தாண்டினா அன்னிக்கே சுடுவேன்" என்று சொல்லியனுப்பினீர்கள். மீர்குல்லையும் பிறந்த வீட்டுக்கு அழைக்கவில்லை. நம் வழக்கப்படி நீங்கள் அழைக்காமல் அவள் வர முடியாது என்பது உங்களுக்குத் தெரியும்.

இதெல்லாம் உங்கள் துக்கம், நான் தலையிடவில்லை. ஆனால் மனிதனைப் பார்ப்பதற்கு என்னிடம் ஸ்கோப் கிடையாது. இந்தக் கையால் அனுப்ப மாட்டேன்.

உங்கள் காலைத் தொட்டுக் கேட்கும்,
குல்சைரா


தாஷ்-புலாக்,
20 டிசம்பர் 1998

குல்சைராவுக்கு,

உயிரோடு இருக்கிறோம். நீங்களும் அப்படியே என்று நம்புகிறேன்.

நீ தெரிந்துகொண்டது நல்லதாகப் போயிற்று, எனக்கு ஓநாய் என்று எழுதுகிற வேலை மிச்சம். ஆம், அவன்தான். என் மகனை மண்ணுக்கு அனுப்பினான், மகளைக் கூட்டிக்கொண்டு போனான், இப்போது தினமும் என் வாசலைப் பார்த்து நிற்கிறான். தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, வெயில் காய்கிறவன் மாதிரி. எதற்கு நிற்கிறான்? நான் வயிறெரிவதைப் பார்க்கத்தானே? "கிழவா, என்ன பண்ணுவ?" என்று கேட்கத்தானே?

உன் அண்ணி என்னைக் கேட்டாள்.

"தினமும் என்னத்தப் பாக்குறீங்க? கண்ணு அவிஞ்சிடும்."

"பாக்கத்தான் கண்ணு."

"அப்ப துப்பாக்கி எதுக்கு?"

நான் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு சுவருக்குப் போய்விட்டேன்.

அவன் சிரிக்கிறானா என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான். நாலில் அவனுக்கு மூஞ்சியே இல்லை. சிரிக்கிறான் என்று தெரிந்தால் அதற்கப்புறம் நடப்பது என் பாடு. நீ அனுப்பாவிட்டாலும் என் கையில் ஒரு துப்பாக்கி இருக்கத்தான் இருக்கிறது.

பாதை மூடப்போகிறது. இதுதான் மாமித்தின் கடைசிச் சவாரி.

தொக்தோசுன்


பிஷ்கெக்,
5 ஜனவரி 1999

அன்புள்ள அண்ணா,

புது வருடம் நம் வீடுகளுக்கு நல்லதைக் கொண்டு வரட்டும். அண்ணிக்குக் கம்பளிக் காலுறை வைத்திருக்கிறேன்.

பத்து நாள் எனக்குச் சரியான தூக்கமில்லை. அனுப்பினால் நீங்கள் அவனைக் கொல்வீர்களோ என்று ஒரு பயம். அனுப்பாவிட்டால் அந்தக் கறுப்புக் கோட்டுக்கு நீங்களே ஒரு மூஞ்சி வரைந்து, அதில் ஒரு சிரிப்பையும் வரைந்துவிடுவீர்களோ என்று ஒரு பயம். இரண்டாவது பயம்தான் பெரிதாகிவிட்டது. ஆகவே அனுப்புகிறேன். உள்ளதைப் பாருங்கள்.

பதினாறு மடங்கு. இதற்குத் துப்பாக்கியில் மாட்டுகிற பிடி இல்லை. மறந்துவிடவில்லை, வேண்டுமென்றேதான் வைக்கவில்லை. குழாய் தடிமன், உங்கள் பழைய பிடிக்குள் நுழையாது. கயிற்றால் கட்டினால் சுடுகிற முதல் அதிர்விலேயே பறந்துவிடும். இது பார்க்க மட்டும்.

வாற்கோதுமை நிரப்பிய சின்னச் சாக்கின் மேல் வையுங்கள். கண்ணை ஒட்ட வைக்காதீர்கள், நான்கு விரல் தள்ளி வையுங்கள். உங்கள் மூச்சு படக்கூடாது, கண்ணாடி உறைந்துவிடும். வட்டம் சின்னது, ஆளைப் பிடிக்க நேரமாகும். பொறுமையாகத் தேடுங்கள்.

அவன் சிரித்தாலும் சுடக்கூடாது அண்ணா. ஒரு சிரிப்புக்காக உயிரை எடுக்க முடியாது. மீர்குல் வயிற்றில் வளர்கிற குழந்தைக்கு அவன்தான் அப்பா.

பார்சல் நாரின் தபாலகம் வரை போகும். பனி வழி விட்டால் அங்கிருந்து வரும்.

பயத்துடன்,
குல்சைரா


தாஷ்-புலாக்,
30 ஜனவரி 1999

குல்சைராவுக்கு,

இதைக் கீழூருக்குப் போகிற குதிரைக்காரனிடம் கொடுக்கிறேன். ஆடுகள் பரவாயில்லை. இரண்டு குளிரில் போயின.

உன் கடிதம் வந்தது, பார்சல் வரவில்லை.

நேற்று ஒரு தோட்டா செலவானது. ஓநாய்க்கு அல்ல. எதுவும் ஆகிவிடவில்லை. அவனுக்கு இடதுபக்கம் பனி எழும்பி விழுந்தது, அவ்வளவுதான். அவன் குனியவில்லை. ஓடவில்லை. அந்த ஒரு மணி நேரம் முடிகிறவரை நின்றுவிட்டுத்தான் போனான்.

இன்று மத்தியானம் மறுபடியும் அதே இடத்தில் வந்து நின்றான்.

சுட்டது நான். எங்கள் இருவரில் பயந்தது யார் என்று மட்டும் கேட்காதே.

அனார் மிச்சத் தோட்டாக்களை எங்கேயோ ஒளித்து வைத்துவிட்டாள். ஒன்று என் சட்டைப் பையில் இருப்பது அவளுக்குத் தெரியாது. அவள் என்னோடு பேசி முழுதாக ஒரு நாள் ஆகிறது.

தொக்தோசுன்


பிஷ்கெக்,
18 பிப்ரவரி 1999

அண்ணா,

சுகம் விசாரிக்க எனக்குக் கை வரவில்லை.

உங்கள் கடிதத்தைப் படித்த அன்றே பஸ் ஏறினேன். நாரினுக்கு மேல் எதுவும் போகவில்லை. தபாலகத்தில் என் பார்சல் ஒரு மேசைக்கடியில் கிடந்தது. "பாதை திறந்தாத்தான் போகும், இங்க நின்னு அழுது என்னம்மா ஆகப்போகுது?" என்றான் அங்கிருந்தவன். நான்கு நாள் நின்றேன். கடைசியில் கீழூர் வரை போகிற ஒரு வேட்டைக்காரர் அதைத் தன் கோட்டுக்குள் வைத்துக்கொண்டார். "உள்ள என்ன தங்கச்சி?" என்று கேட்டார். கண்ணாடி என்றேன். வேறென்ன சொல்ல?

உங்களோடுதான் வளர்ந்தேன். ஆற்றில் மூழ்கப் போனவளை முடியைப் பிடித்துத் தூக்கியது நீங்கள். உங்களைப் பார்த்து நான் பயப்படுவேன் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. இப்போது உங்கள் கையெழுத்தைப் பார்த்தால் உட்கார்ந்துகொண்டுதான் உறையைப் பிரிக்கிறேன்.

சட்டைப் பையில் இருப்பதை ஆற்றில் எறியுங்கள். ஆறு உறைந்திருந்தால் அண்ணியிடம் கொடுங்கள். ஒரு வரி எழுதுங்கள். "கொடுத்துவிட்டேன்" என்று மட்டும்.

குல்சைரா


பிஷ்கெக்,
8 மார்ச் 1999

அண்ணா,

பதில் இல்லை.

இன்று பெண்கள் தினம் என்று பக்கத்துக் கடைக்காரர் எனக்கு மஞ்சள் பூக்கொத்து கொடுத்தார். வாங்கிக்கொண்டு அழுதேன், மனிதர் பயந்துபோனார். கடையில் யாராவது ஸ்கோப்பைக் கண்ணில் வைத்துத் தெருவைப் பார்த்தால் நான் எழுந்து மறைத்துக்கொண்டு நிற்கிறேன். "அக்கா, வெறும் கண்ணாடிதானே" என்று சிரிக்கிறார்கள்.

பார்சல் வந்ததா? அவன் இருக்கிறானா? அதை மட்டும் சொல்லுங்கள்.

குல்சைரா


தாஷ்-புலாக்,
26 மார்ச் 1999

அன்புத் தங்கை குல்சைராவுக்கு,

நீங்கள் எல்லாரும் நலமாக இருக்க வேண்டும். உன்னைக் காத்திருக்க வைத்துவிட்டேன்.

குபானின் வருட நினைவு நாளுக்கு ஒரு குதிரையை அறுத்தோம். வர முடிந்தவர்கள் வந்தார்கள். அதன்பின் எனக்குக் காய்ச்சல். பத்து நாள் எழவில்லை. பார்சல் அந்த நாட்களில் வந்திருக்கிறது. உன் அண்ணி அதை மாவுப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள். நேற்றுதான் எடுத்துக் கொடுத்தாள். "பாக்க மட்டும்னு எழுதியிருக்கா. பாருங்க" என்றாள்.

இன்று மத்தியானம் நீ சொன்னபடி சாக்கின் மேல் வைத்தேன். வட்டத்துக்குள் ஆளைப் பிடிக்க வெகுநேரம் ஆனது. வெறும் பனி, ஒரு கல், மறுபடியும் பனி. பிறகு ஒரு காலணி தெரிந்தது. அங்கிருந்து மேலே போனேன்.

அவன் சிரிக்கவில்லை.

மெலிந்துவிட்டான். உதடு குளிரில் வெடித்திருந்தது. கண்ணைச் சிமிட்டாமல் இங்கேயே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கழுத்தில், குல்சைரா, அவனுடைய இடுப்பு வார். கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு நிற்கிறான். இரண்டு நுனியும் மார்பில் தொங்குகின்றன.

உயிர்ப்பழி சுமக்கிறவன் நம் ஆட்களிடம் எப்படி வந்து நிற்க வேண்டும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. "இந்த வாராலேயே என்னை இறுக்கு, இல்லை மன்னித்து உன் கையாலேயே கழற்று" என்று நிற்க வேண்டும். ஆற்றைத் தாண்டினால் சுடுவேன் என்று நான் சொன்னேன். அதனால் அவன் தாண்டவில்லை. என் கண்ணுக்குப் படுகிற இடத்தில், வெயில் விழுகிற நேரத்தில் வந்து நின்றான். பனிக்காலம் முழுக்க நின்றான். நாலு மடங்கில் அந்த வார் அவன் போட்டிருந்த கறுப்புக் கோட்டோடு கறுப்பாகப் போய்விட்டது.

மன்னிப்புக் கேட்டு நின்றவனை நான் சுட்டேன். சுட்ட மறுநாளும் அவன் வாரோடு வந்து நின்றிருக்கிறான்.

பையில் இருந்ததை அனாரிடம் கொடுத்துவிட்டேன். அவள் வாங்கிக்கொண்டு, "இத்தன நாளு இதோடயா என் பக்கத்துல படுத்தீங்க?" என்று கேட்டாள்.

எனக்குப் பயமாக இருக்கிறது, தங்கச்சி. குபான் போனபோது வராத பயம். நாளை மத்தியானம் சுவருக்கு முன்னால் போவேன். அதற்குமேல் எழுத வரவில்லை.

உன் அண்ணன்,
தொக்தோசுன்


எதிர்க்கரை,
14 ஏப்ரல் 1999

அன்பான அத்தைக்கு,

நீங்கள், மாமா, பிள்ளைகள் எல்லாரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். நானும் நலம், வயிற்றில் இருப்பதும் நலம், உதைக்கிறது. எங்கள் பக்கத்துப் பாதை முன்னதாகத் திறந்ததால் அப்பா எழுதியிருந்தால் அதற்கு முன்பே என் கடிதம் உங்களுக்கு வரக்கூடும்.

அத்தை, இந்தப் பனிக்காலம் நான் எப்படி இருந்தேன் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அக்டோபரிலிருந்து எசென் தினமும் மத்தியானம் வாரைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு மேட்டுக்குப் போவார். நான் வாரை ஒளித்து வைத்துப் பார்த்தேன், குதிரைக் கடிவாளத்தை எடுத்துப் போட்டுக்கொண்டு போனார். "எங்க அப்பா சுட்டுடுவார்" என்பேன். "சுட்டா அது அவர் முடிவு. நான் நிக்கிறது என் முடிவு" என்பார். குபான் அண்ணனின் கை தன் கையிலிருந்து நழுவியதை இன்னும் தூக்கத்தில் சொல்கிறார்.

தினமும் நான் அவர் துப்பாக்கியில் அப்பாவைப் பார்ப்பேன். எங்களிடமும் நாலு மடங்குதான். கல்சுவர் தெரியும், அதன்மேல் ஒரு கறுப்புப் புள்ளி தெரியும். புள்ளி அப்பாவின் தலை. அந்த ஒரு மணி நேரம் முடிகிறவரை நான் மூச்சுவிட்டேனா என்று எனக்கே நினைவில்லை. ஜனவரியில் அந்தச் சத்தம் கேட்ட அன்று நான் உட்கார்ந்த இடத்திலேயே நனைத்துக்கொண்டேன். உங்களிடம் சொல்ல வெட்கமில்லை.

மார்ச் இருபத்தேழாம் தேதி நானும் கூடவே போனேன். மேட்டின்மேல் அவருக்குப் பக்கத்தில் ஒரு கல்லுக்குப் பின்னால் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டேன், வயிறு குப்புறப் படுக்க விடுவதில்லை. ஸ்கோப்பில் பார்த்தேன். அப்பா துப்பாக்கியோடு வந்தார். சுவரின்மேல் அதை வைத்தார். எப்போதும்போல் படுக்கப் போகிறார் என்று நினைத்தேன். படுக்கவில்லை. சுவரைச் சுற்றி முன்னால் வந்தார். வெட்டவெளியில் நின்று தொப்பியைக் கழற்றினார். கை இடுப்புக்குப் போனது. தோட்டாப் பை அங்கேதான் இருக்கும்.

"படுங்க! எடுக்கிறாரு, படுத்துடுங்க!" என்று கத்தினேன்.

"இரு."

"என்ன இரு? தோட்டா எடுக்கிறாருங்க!"

"துப்பாக்கி எங்க இருக்கு, அதப் பாரு."

பார்த்தேன். சுவரின்மேலேயே இருந்தது. அப்பாவின் கை இடுப்பிலிருந்து கழுத்துக்குப் போயிற்று. என்ன செய்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை, நாலில் அதெல்லாம் தெரியாது. பிறகு இரண்டு கையும் கீழே தொங்கின. அப்படியே நின்றார். அசையவில்லை.

"என்னங்க பண்றாரு?"

எசெனிடம் கண்ணாடி எதுவும் இல்லை, வெறுங்கண்தான். கையைப் புருவத்துக்கு மேல் வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு பார்த்தார். பிறகு சொன்னார். "இத்தன மாசமா நான் எப்படி நின்னேன்? அப்படி நிக்கிறாரு."

சொல்லிவிட்டு மேட்டிலிருந்து ஓடினார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே இறங்கினேன். அந்தப் பக்கம் அப்பாவும் இறங்கி வந்தார், காய்ச்சலில் கிடந்தவர் என்று அப்போது எனக்குத் தெரியாது. ஆற்றின் நடுவில் பனிக்கட்டி உடைந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் இரண்டு கரையில் நின்றார்கள். அப்பாவின் கழுத்தில் வார் தொங்கியது. எசென் கழுத்திலும் வார். அப்பா அழுதார். எசென் தண்ணீரில் இறங்கப் போனார், அப்பா கையை வீசி வீசித் தடுத்தார். நான் எசெனின் கோட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு நின்றேன். இருவரும் நேருக்கு நேர் வாரோடு நின்றுவிட்டபின் அவரவர் வாரை அவரவரே கழற்ற முடியாது, எதிரில் இருப்பவர்தான் கழற்ற வேண்டும். இருட்டுகிறவரை நின்றுவிட்டு அப்படியேதான் வீட்டுக்குப் போனார்கள்.

அது முதல் இங்கே எசென் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு ஆடு மேய்க்கிறார். வாரைச் சாப்பிடும்போதாவது கழற்றச் சொன்னால் கேட்பதில்லை. அந்தக் கரையில் அப்பாவும் அதே கோலம்தான். நேற்று அம்மா ஆற்றங்கரைக்கு வந்து, ஒரு கையால் அப்பாவைக் காட்டி, மறு கையால் நழுவுகிற கால்சட்டையைத் தூக்கிப் பிடிக்கிற மாதிரி நடித்துக் காட்டினாள். பத்து மாதத்தில் முதல்முறையாக நான் சிரித்தேன், சிரிப்பு அழுகையில்தான் முடிந்தது.

அவர்கள் பாதை இன்னும் சேறாக இருக்கிறதாம். மாமித்தின் லாரி வந்ததும் அப்பா சுற்றிக்கொண்டு வருவார், வந்து என்னைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துப் போவார். நீங்களும் வாருங்கள் அத்தை.

மத்தியானமானால் என் கை இன்னமும் தானாக வயிற்றைப் பொத்திக்கொள்கிறது. இப்போதும் இருவரும் அதே நேரத்துக்கு வெளியே வந்து நிற்கிறார்கள், அவர் அங்கே, இவர் இங்கே, தொப்பியில்லாமல். நான் துப்பாக்கியை எடுக்காமல் வாசலில் உட்கார்ந்து அவர்களை வெறுங்கண்ணால் பார்க்கிறேன். இரண்டு கறுப்புக் கோடுகள்தான் தெரிகின்றன.

உங்கள் மருமகள்,
மீர்குல்